சாய்கோட்டுக்கு இடமளித்த படிவம்

‘படிவம்’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. வடிவம், நோன்பு, தவக்கோலம் ஆகிய பொருள்களில் அது பழைய நூல்களிற் பயின்று வருகின்றது. விவரங்களை எழுதி நிரப்புதற்கென அச்சிட்ட தாள் என்னும் பொருள் அதற்கு மிகப் பிற்காலத்தில் ஏறியதாகும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொதுமக்கள் நெடுங்காலம் அச்சொல்லை வழங்கினாரல்லர். ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்துப் ‘பாரம்’ என்றனர். மலாய்ச் சொல்லைக் கேட்டுப் பழகியோர் ‘போராங்’ என்றனர். பாரம் என்பது சுமையையும் குறிக்குமன்றோ? யான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ‘பாரம் வந்திருக்கிறது’ என்று ஒருவர் கூறினால், வந்தது தாளா, சுமையா என்று கேட்க வேண்டிய தேவை எழுந்ததில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அந்தப் பாரம் இன்று தாளை விட்டுக் கணினித் திரைக்கு ஏறிவிட்டது. நிரல் எழுதத் தெரியாத ஓர் எழுத்தரும், ஆயத்தமாக உள்ள கட்டங்களுள் வேண்டியவற்றைத் தேர்ந்து அடுக்கி, எது கட்டாயம், எது விருப்பம் என்று குறித்து, அரைமணி நேரத்தில் ஓர் இணையப் படிவத்தை அமைத்துவிடலாம். ஆனால் ஆயத்தமான கட்டங்கள் ஆயத்தமான எண்ணங்களையும் உடன்கொண்டு வருகின்றன. அவ்வெண்ணங்கள் நம் வழக்கோடு பொருந்தாதவிடத்து, படிவத்தின் மூலத்தைச் சிதைக்காமல் நம் விதியை அதனுட் செலுத்துதற்கு ஒரு வாயில் வேண்டும். அவ்வாயில் எவ்வாறு தோன்றியது, அது ஏன் வேண்டியிருந்தது என்பதை, சிங்கப்பூர், மலேசியத் தமிழரின் பெயர் என்னும் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். ஏறக்குறைய எல்லாப் படிவங்களிலும் முதற்கட்டம் பெயர்க் கட்டமே. தமிழர் முதலில் இடறுவதும் அதிலேதான்.

மகனார் என்னும் சொல்

சங்கப் புலவர் பெயர்களை நோக்குக. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பது ஒரு பெயர். மதுரை அளக்கர் ஞாழார் மகனார் மள்ளனார் என்பது மற்றொன்று. ஊர், தந்தை, உறவுச் சொல், இறுதியில் தன் பெயர் என இவற்றின் உறுப்புகள் அமைந்துள்ளன. கரூரை அடுத்த புகலூரில் உள்ள தமிழிக் கல்வெட்டும் சேரர் குடியின் மூன்று தலைமுறையினரை ‘மகன்’ என்னும் சொல்லாலேயே கோத்துக் கூறுகின்றது. இவற்றுள் குலப்பெயர் என்று தனியே கழற்றி எடுக்கத்தக்க உறுப்பு எதுவும் இல்லை. தந்தையின் பெயர் மகனை அடையாளங்காட்டும் பெயரேயன்றி, மகனுடைய பெயரன்று. இவ்வேறுபாட்டை நம் மாணவர்கள் சொல்லாமலே அறிவர். படிவம் வகுத்தோர் பலர் அறியார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அலுவலக எழுத்தர்கள் இவ்வுறவுச் சொல்லை ‘சன் ஆஃப்’, ‘டாட்டர் ஆஃப்’ என்று மொழிபெயர்த்து, ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ எனச் சுருக்கினர். சிங்கப்பூரில் அவ்வழக்கு இன்றும் உண்டு. மலேசியாவில் அது பின்னர் மலாய் மொழியில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்றாகி, ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ எனச் சுருங்கியது. மொழி மாறிற்று, வரிசையும் மாறித் தன் பெயர் முன்னும் தந்தை பெயர் பின்னும் சென்றன, ஆனால் இடையில் நின்ற சாய்கோடு மாறவில்லை. சங்கப் புலவரின் ‘மகனார்’ நம் அடையாள அட்டையில் ஒரு சாய்கோடாக வாழ்கின்றார் எனலாம்.

தாளின் ஓரம்

நீரிணைக் குடியேற்றங்களில் முறையான முதல் மக்கட்கணக்கெடுப்பு 1871-இல் நடைபெற்றது. 1891-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம்மவர்க்கு அமைந்த தலைப்பு, ‘தமிழரும் இந்தியாவின் ஏனைய மக்களும்’ என்பதாகும். நம் பெயர் முன்னே நின்றதற்கு மகிழ்வாரும் உளர். யான் காண்பது வேறு: வினவுவோர் வகுத்த தலைப்பே விடையிறுப்போரின் இனமாகிவிடுகின்றது. பிற்காலத்தில் ‘இந்தியர்’ என்பதே தலைப்பாயிற்று. 2011 சனவரி முதல் சிங்கப்பூரில் பெற்றோர் வெவ்வேறு இனத்தவராயின் பிள்ளையின் இனத்தை இரண்டு பெயர்களாக, நடுவே இணைகோடிட்டுப் பதியலாம் என விதி வந்தது. ஒரு சிறு கோட்டுக்கு இடம் கிடைக்க 1871-இலிருந்து 140 ஆண்டுகள் சென்றன என்பதை ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆள் பதிவு 1948-இல், அவசரகாலத்தை ஒட்டித் தொடங்கியது. அக்கால அடையாள அட்டை தாளால் ஆயது. விடுதலைக்குப்பின் 1966-இல் மறுபதிவு தொடங்கி, குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம் என மெல்லிய நெகிழித்தாள் ஒட்டிய அட்டைகள் வந்தன. 1991-இல் இன்றைய சிறு அட்டை வந்தது. இவற்றிலெல்லாம் பெயர் முழுமையாக ஒன்றாகவே எழுதப்பெற்றது. இது சிங்கப்பூர்ப் பதிவு முறையின் நல்ல பண்புகளுள் ஒன்று. ஆனால் பிற விண்ணப்பத் தாள்களில், ‘அடையாள அட்டையில் உள்ளவாறு பெயர்’ என்பதன் பக்கத்தில், ‘குலப்பெயருக்கு அடிக்கோடிடுக’ என ஒரு குறிப்பும் இருக்கும். சீனர்கள் அடிக்கோடிட்டனர். தமிழர்கள் சிலர் தந்தை பெயருக்கு இட்டனர். சிலர் தம் பெயருக்கு இட்டனர். பெரும்பாலோர் கோடிடாமலே கொடுத்துவிட்டு வந்தனர். தாள் அதற்காக எவரையும் திருப்பி அனுப்பியதில்லை.

எங்கள் தோட்டத்தில் எல்லாப் பாரங்களையும் நிரப்பியவர் கிராணியார். கட்டத்துள் அடங்காத பெயரை அவர் ஓரத்தில் நீட்டி எழுதுவார். ‘இவருக்குக் குலப்பெயர் இல்லை’ என்று கீழே ஒரு குறிப்பும் எழுதி, தம் சுருக்கொப்பம் இடுவார். அத்தாளை நகரத்தில் பெற்றுக்கொண்டவரும் ஒரு மனிதரே. ஆதலால் ஓரத்தைப் படித்தார். வினவுவோரின் எண்ணத்துக்கும் விடையிறுப்போரின் வாழ்வுக்கும் இடையே உள்ள பிணக்கு அந்த அரை அங்குல வெண்மையில் தீர்க்கப்பட்டது. கிராணியார் நல்லவராய் இல்லாத தோட்டங்களில் பிணக்குத் தீரவில்லை. பிறந்த ஆண்டும் பெயரும் மாறிப்போய் ஓய்வுக்காலத்தில் துன்புற்றோரை யான் அறிவேன். ஆகவே பழமையைப் போற்றுதல் இங்கு என் நோக்கமன்று. ஓரம் என்று ஒன்று இருந்தது என்பதே என் கருத்து.

ஓரம் இல்லாத தாள்

இணையப் பக்கத்தில் விடை எழுதும் கட்டங்கள் 1993-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தன. 1995 நவம்பரில் வெளியான மீயுரை மொழியின் இரண்டாம் பதிப்பு அவற்றை நெறிப்படுத்தியது. தொடக்கத்தில் கட்டத்துக்குச் சிந்தனை கிடையாது. எழுதியதை அப்படியே தொலைவில் உள்ள வழங்கிக் கணினிக்கு அனுப்பும். பிழை இருப்பின், மெதுவான தொலைபேசிக் கம்பி வழியே மறுமொழி வந்த பின்னரே தெரியும். அதே 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாளில் ஒரு மொழியின் முதல் வடிவை எழுதினார். ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என டிசம்பரில் அறிவிக்கப்பெற்ற அம்மொழியின் தொடக்ககாலப் பணிகளுள் முதன்மையானது, படிவம் புறப்படுமுன் அதனைப் பயனரின் உலாவியிலேயே சரிபார்த்தலாகும். இதனால் காலம் மிச்சமாயிற்று. அதனோடு, வாயிலில் ஒரு காவலனும் வந்து நின்றான். கட்டாயக் கட்டம் வெறுமையாய் இருந்தால் படிவம் நகராது. எழுத்து மட்டும் என்ற கட்டத்தில் வேறு குறி வந்தாலும் நகராது. ஓரத்தில் எழுத வழியில்லை, எழுதினாலும் படிப்பாரில்லை.

சாய்கோட்டின்மீது மட்டும் இத்துணைப் பகை ஏன் என்று ஆராய்ந்தால், சில காரணங்கள் புலனாகின்றன. விமானப் பயணப் பதிவு முறைகளில் குலப்பெயருக்கும் தன் பெயருக்கும் இடையே பிரிப்புக் குறியாக நிற்பது சாய்கோடே. ஆகவே ‘எஸ்/ஓ’ என எழுதினால், குலப்பெயர் எஸ்ஸோடு முடிந்தது என்று இயந்திரம் கொள்ள நேரும். 1980-இல் பன்னாட்டுப் பயண விமான அமைப்பு முதன்முதலாக வெளியிட்ட கடவுச்சீட்டு நெறியில், இயந்திரம் படிக்கும் வரிகளுக்கு அகர வரிசையின் 26 பேரெழுத்தும், பத்து இலக்கமும், நிரப்புக் குறி ஒன்றுமே உரியவை. சாய்கோடு அதில் இல்லை. கணினிக் கோப்புகளின் பாதையிலோ ஓர் உறையினுள் மற்றோர் உறை என்பதைச் சாய்கோடு காட்டும். இவற்றுக்கும் மேலாக, தீயோர் பெயர்க் கட்டத்தில் கட்டளைகளைப் பெய்து தரவுத்தளத்தைக் கெடுப்பர் என்னும் அச்சத்தால், ‘எழுத்து மட்டும் போதும்’ எனப் பல நிரலர்கள் ஒரேயடியாக வேலி போட்டனர். வேலிக்கு வெளியே நின்றவர்களுள் நாமும் ஒருவர். நடுவே காற்புள்ளி போன்ற குறி உடைய ஐரிஷ் மக்களும், ‘என்கிற’ என்பதற்கு ஈடாக ‘அட்’ குறியைப் பெயரில் இடும் இவ்வட்டாரச் சீனரும் இந்தியரும் அவ்வாறே நின்றனர்.

என் அனுபவம் ஒன்று கூறுவேன். சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஆசிரியர்க்கான குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்கு ஜொகூரிலிருந்து சென்றேன். நடத்தியோர் பெயர் ஈண்டு வேண்டா. பதிவுப் படிவத்தில் என் பெயரை அட்டையில் உள்ளவாறே எழுதினேன். ‘எழுத்துகள் மட்டும்’ எனச் சிவப்பு வரி தோன்றியது. சாய்கோட்டை நீக்கினேன், ஏற்றுக்கொண்டது. அடுத்துக் குலப்பெயர் கேட்டது. தந்தையார் பெயரை இட்டேன். வகுப்பில் மூன்று நாளும் காலஞ்சென்ற என் தந்தையாரையே அழைத்துக்கொண்டிருந்தனர். முடிவில் அளித்த சான்றிதழில் ‘ஏஎல்’ என்பது ‘அல்’ எனச் சிறு எழுத்தும் பேரெழுத்துமாகத் திருத்தமுற அச்சாகியிருந்தது. அதை நோக்கிய ஒருவர், அரபு நாட்டு வழியினரோ என மிகுந்த மரியாதையுடன் வினவினார். இதுவரை சிரிக்கத்தக்கது. ஆனால் அட்டையில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறு பெயரும் இருந்தமையால், என் பணிக் கோப்பில் அப்பயிற்சி ஏறவில்லை. இருவரும் ஒருவரே என ஆணையர் முன் சத்தியப் பிரமாணம் செய்து, அதற்கும் கட்டணம் செலுத்திய பின்னரே ஏறிற்று. என்னுடன் வந்த இளம் ஆசிரியை ஒருவர்க்குப் பதவி உயர்வுப் புள்ளி அதனால் ஓராண்டு தள்ளிப்போயிற்று.

கொக்கி

அந்தப் படிவத்தைப் பராமரித்த இளைஞர், யான் முறையிட்டதை அறிந்து தாமே என்னைத் தேடி வந்தார். தேக்கா உணவங்காடியில் தேநீர்க் குவளைகளை ஓரமாக நகர்த்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். “தம்பி, இந்தப் படிவத்தைப் புதிதாகத்தான் செய்ய வேண்டுமோ?” என்றேன். “வேண்டாம் சார். படிவத்தைத் தொடவே போவதில்லை. ஒரு கொக்கி மாட்டினால் போதும்” என்றார்.

கொக்கி என்று அவர் கூறியதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆயத்த மென்பொருளை வாங்கியோர் தமக்கு வேண்டிய மாற்றத்தை அதன் மூலத்திலேயே செய்வது பழைய வழக்கம். அடுத்த பதிப்பு வந்ததும் அம்மாற்றம் அழிந்துபோகும். இதற்கு மாற்றாக, மென்பொருளை எழுதுவோர் தம் நிரலில் ஆங்காங்கே சில இடங்களைக் குறித்து, ‘இவ்விடத்தை அடையும்போது, வெளியார் எவரேனும் ஒரு விதியை மாட்டியிருந்தால் அதனையும் கேட்டுச் செல்வேன்’ என்று உறுதி தந்தனர். அவ்விடங்களே கொக்கிகள். 2001-இல் வெளிவந்த ‘துருப்பல்’ என்னும் திறந்த மென்பொருள் இம்முறைக்குப் பெயர்பெற்றது. அதன் 2006-ஆம் ஆண்டுப் பதிப்பு, எந்தப் படிவமும் திரைக்கு வருமுன் பிறர் அதனைத் திருத்துதற்கு ஒரு கொக்கி வைத்தது. கூகுள் படிவங்கள் 2008-இல் வந்தன. விடை வந்து சேரும் நொடியில் நம் நிரல் ஒன்றை இயக்கும் வசதி அவற்றுக்கும் பின்னர் அமைந்தது. உலாவியிலோ கட்டத்தைத் தொடுதல், எழுதுதல், விட்டு அகலுதல், ‘அனுப்பு’ என்பதை அழுத்துதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சி எனப்படும். எந்நிகழ்ச்சியிலும் நம் விதியை மாட்டலாம். விதி வேண்டாமென்றால் அனுப்புதலைத் தடுத்தும் நிறுத்தலாம்.

இளைஞர் செய்தது இதுவே. பெயர்க் கட்டத்தின் ‘எழுத்து மட்டும்’ என்னும் ஆயத்த விதியை விலக்கி, எழுத்து, இடைவெளி, புள்ளி, இணைகோடு, மேற்குறி, ‘அட்’ குறி, சாய்கோடு ஆகியவற்றை ஏற்கும் தம் விதியை மாட்டினார். குலப்பெயர்க் கட்டம் வெறுமையாய் இருந்தால் சிவந்து சினவாமல், ‘தங்களுக்குக் குலப்பெயர் இல்லையெனில் அப்படியே விடுக’ எனக் கூறச் செய்தார். அனுப்புமுன், ‘சான்றிதழில் தங்கள் பெயர் இவ்வாறு அச்சாகும்’ எனக் காட்டும் ஒரு வரியையும் சேர்த்தார். இம்மூன்றனுள் யான் மிகவும் மதிப்பது இறுதியில் வந்ததை. நாம் எழுதியதை இயந்திரம் மறைவில் திருத்தாமல், திருத்துமுன் நம்மைக் கேட்கின்றது. கிராணியார் பலர் அதுகூடச் செய்ததில்லை.

ஆயினும் முதல் நாள் அது பலிக்கவில்லை. உலாவி சாய்கோட்டை ஏற்றது. ஆனால் வழங்கியில் இருந்த பழைய விதி அதனைத் தள்ளிவிட்டது. வாயிற்காவலன் உள்ளே விட, பண்டகசாலைக் கணக்கர் வெளியே துரத்திய கதை போலாயிற்று. உலாவியில் உள்ள காவல் பயனரின் வசதிக்காக மட்டுமே. அதனை எவரும் அணைத்துவிடலாம். ஆதலால் உண்மையான சரிபார்ப்பு வழங்கியிலும் இருந்தே தீரவேண்டும். இரண்டும் ஒத்துப் பேசவும் வேண்டும். வழங்கியைத் திருத்தியபின் வேறொன்று முளைத்தது. ஒவ்வொருவர் சான்றிதழையும் அவர் பெயராலேயே கோப்பாகச் சேமிக்கும் நிரல், என் பெயரைக் கண்டதும் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை ஓர் உறை எனக் கொண்டு, அத்தகைய உறையைக் காணாமல் திகைத்து நின்றது! வேலி போட்டவர்களின் அச்சம் முற்றிலும் வீணன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோப்புக்குப் பெயரை விடுத்து வரிசை எண்ணை இட்டதும் குறை நீங்கிற்று. மனிதர் பெயரைக் கோப்புக்கு ஏற்ப வெட்டுவதினும் கோப்பின் பெயரை மாற்றுவது எளிது. ஆனால் இத்தனை ஆண்டுகளாக வெட்டப்பட்டது மனிதர் பெயரே.

புள்ளி எழுத்தன்று என்னும் விதி

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப் பெயரின் கதை இது. தமிழ் எழுத்திலேயே பெயர் எழுத வேண்டின் நிலை என்ன? இதில் சிங்கப்பூருக்குத் தனிச்சிறப்பு உண்டு. 1995-இல் நான்கு மொழிகளிலும் அமைந்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளம் ஒன்று தொடங்கப்பெற்றபோது, தமிழ்ப் பகுதி இணையத்தில் ஏற உழைத்தவர் விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி அவர்கள். 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரிலேயே கூடியது. அவர் 1999-இல் மறைந்தார். அக்காலத்தில் கணினிகளில் பொதுவான தமிழ்க் குறியீடோ விசைப்பலகையோ இயல்பாக அமைந்திருக்கவில்லை. ஒருவர் ஒரு குறியீட்டில் எழுதி அனுப்பிய படிவம் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். பின்னர்ப் பல தமிழ்ப் பக்கங்களில், கட்டத்துள் ரோமன் விசையை அழுத்தியதும் அந்நிகழ்ச்சியை இடைமறித்துத் தமிழெழுத்தாக மாற்றும் சிறு நிரல்களை மாட்டினர். படிவக் கட்டத்துக்குத் தமிழர் தாமே கற்பித்த புது நடத்தைகளுள் முதன்மையானது இது எனக் கருதுகின்றேன்.

இன்று ஒருங்குறி பரவி அத்தொல்லை நீங்கிவிட்டது. எனினும் இலக்கணம் கற்றோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்று எஞ்சியுள்ளது. ஒருங்குறியில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை வகுத்துள்ளனர். உயிரெழுத்துகளும், அகரம் ஏறிய உயிர்மெய்களும், ஆய்தமும் ‘எழுத்து’ வகையின. கால், கொம்பு, விசிறி போன்ற உயிர்க்குறிகளும் மெய்யின் தலைப்புள்ளியும் ‘எழுத்து’ அல்ல. ‘குறி’ என்னும் வேறு வகையின. ஆகவே ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் கணினிக்கு ஐந்து உறுப்புகளாம்: மூன்று எழுத்து, இரண்டு குறி. ‘கோவிந்தசாமி’ நமக்கு ஆறெழுத்து, அதற்குப் பதினொன்று. ஒரு படிவத்தில் ‘எம்மொழி எழுத்தும் ஏற்கப்படும், எழுத்து மட்டும்’ என்று பரந்த உள்ளத்தோடு விதி எழுதினாலும், ‘தமிழ்’ என்னும் சொல்லையே அது புறந்தள்ளிவிடும்! ‘எழுத்தும் குறியும்’ எனத் திருத்தினாலன்றி வழியில்லை. பத்தெழுத்துக்கு மிகாமல் எழுதுக என்னும் கட்டத்தில் கோவிந்தசாமி தம் பெயரை முடிக்கவும் இயலாது. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்றலே இயல்பு என்று கொண்ட தொல்காப்பியர்க்கும், புள்ளியைப் பின்வந்து ஒட்டும் குறியாகக் கொண்ட ஒருங்குறியாளர்க்கும் உள்ள கருத்து வேறுபாடு ஒரு பெயர்க் கட்டத்தில் வந்து முட்டுகின்றது. தமிழாசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளிலேயே கூறியிருப்பார்.

அரசின் படிவம்

சிங்கப்பூர் அரசில் ‘ஓப்பன் கவர்ன்மெண்ட் புராடக்ட்ஸ்’ என்னும் குழுவினர் உருவாக்கிய ‘ஃபார்ம்எஸ்ஜி’ இத்துறையில் நன்கு ஆராயத்தக்கது. அரசு அலுவலர் எவரும் அதில் தாமே படிவம் அமைத்துக்கொள்ளலாம். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம். அதன் கட்டங்களுள் அடையாள அட்டை எண்ணுக்கென ஒன்று உண்டு. அதில் தோராயமாக ஓர் எண்ணை எழுதினால் ஏற்காது. ஏனெனில் அட்டை எண்ணின் இறுதி எழுத்து ஒரு சாட்சி. எடுத்துக்காட்டாக, மாதிரிகளில் வழங்கும் எஸ் 1234567 என்பதை எடுத்துக்கொள்க. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 106 வரும். 11-ஆல் வகுத்தால் மீதி 7. எஸ் வரிசைக்கு 0 முதல் 10 வரை உரிய எழுத்துகள் ஜே, இசட், ஐ, எச், ஜி, எஃப், இ, டி, சி, பி, ஏ என்பன. ஏழுக்கு உரியது டி. வேறெழுத்து இருப்பின் எங்கோ பிழை. மேல்வகுப்பு மாணவர்க்கு இது நல்ல கணக்குப் பயிற்சி. ஆனால் எண் சரியா என்று பார்ப்பது வேறு, அதனைக் கேட்கவே உரிமை உண்டா என்பது வேறு. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் வேண்டினாலன்றியோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதி செய்யும் தேவை இருந்தாலன்றியோ, தனியார் அமைப்புகள் அட்டை எண்ணைத் திரட்டலாகாது என்று நெறி வந்துவிட்டது.

இப்படிவத்தில் அலுவலர் தம் விருப்பம்போல் நிரலை உள்ளே செருக இயலாது. பொதுமக்கள் நம்பி எழுதும் பக்கத்தில் யார் எழுதிய நிரலும் ஓடலாம் என்பது கேடு பயக்கும் ஆதலின், அத்தடை தக்கதே. அதற்கு ஈடாக இரண்டு வழிகளை வைத்துள்ளனர். ஒன்று, ‘இவ்விடை வந்தால் இக்கட்டத்தைக் காட்டுக’ அல்லது ‘இவ்விடை வந்தால் இச்செய்தி கூறி அனுப்புதலை நிறுத்துக’ என்னும் தருக்கம். மற்றொன்று, விடை வந்து சேர்ந்ததும் அதனை அலுவலர் குறித்த வேறொரு வழங்கிக்குத் தானே தள்ளும் கொக்கி. நம் விதிகள் எவ்வளவு சிக்கலாயினும் அவ்வழங்கியில் ஓடலாம். படிவம் அமைதியாய் இருக்கும். விடை பூட்டிய நிலையிலேயே செல்லும். கையொப்பமும் உடன் செல்லும். திறவுகோல் படிவம் அமைத்தவரிடமே இருக்கும். அவர் அதனைத் தொலைத்தால் அரசும் திறந்து தர இயலாது. நிரல் எழுதாமலே இத்தகைய இணைப்புகளைப் பூட்ட அதே குழு ‘பிளம்பர்’ என்றொரு கருவியையும் அமைத்தது. குழாய்ப் பணியாளர் என்று பெயரிட்டது பொருத்தமே.

பெயர்க் கட்டத்தைப் பற்றி ஒன்று கூறி முடிக்கின்றேன். 2016-இல் தொடங்கிய ‘மைஇன்ஃபோ’ வாயிலாக, அரசிடம் உள்ள விவரங்களை மக்கள் மீண்டும் எழுதாமல் படிவத்துள் வரவழைக்கலாம். பெயர் முழுமையாக, அட்டையில் உள்ளவாறே வருகின்றது. ஆகவே அங்கே சாய்கோட்டுக்கு வழக்கில்லை. அதே தொகுப்பில் மாற்றுப் பெயருக்கு இடம் உண்டு. சீனர்தம் ஹன்யூ பின்யின் பெயருக்கு இடம் உண்டு. மணத்தால் வந்த பெயருக்கும் இடம் உண்டு. தன் பெயர் எது, தந்தை பெயர் எது என்று பிரித்துக் கூறும் இடம் அப்பெயர்க் கட்டங்களுள் இல்லை. எனவே நன்றி மடல் அனுப்பும் அலுவலர், முழுப்பெயரில் எப்பகுதியை விளிப்பது என்று தாமே தீர்மானித்தாக வேண்டும். இறுதிச் சொல்லை எடுத்தால் தந்தையை விளிப்பர். முதற்சொல்லை எடுத்தால் சீனர்க்குக் குலப்பெயராய்விடும். கொக்கியின் மறுமுனையில் உள்ள நிரலில் ஒரு சிறு விதி எழுதினால் தீரும்: உறவுக் குறி இருப்பின் அதற்கு முன்னுள்ளதை மட்டும் எடுத்து விளிக்க, இல்லையேல் முழுப்பெயரையும் விளிக்க. தேக்காவில் அவ்விளைஞர் எழுதிக் காட்டிய விதி அதுவே. எண்ணிப் பார்த்தேன், எட்டு வரிகள் இருந்தன. சென்ற ஆண்டு அதே பயிற்சிக்கு எம் பள்ளி ஆசிரியை ஒருவர் சென்று வந்தார். சான்றிதழில் ‘ஏ/பி’ சாய்கோட்டுடன் இருந்தது. வகுப்பில் அவரை அவர் பெயரால் அழைத்தனர்.